குண்டு வீசிய விமானி, பயணிகள் உயிர் காக்க வந்தார்!

விமானத்தில் நடைவழியின் தரையோரம் வரிசையாக ஒரு வெளிச்சக் கோடு இருக்கும். அழகுக்கு வைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். 23 பேர் உயிரைக் குடித்த தீக்குப் பிறகு வந்தது அது!

அந்த உத்தரவு பிறந்தபோது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் தலைவர் ஒரு கடற்படைக்காரர். பெயர் டொனால்டு எங்கென்.

18 வயதில் பட்டாளம்

1924-ல் கலிபோர்னியாவில் பிறந்தவர். 1942-ல் கடற்படையில் சேர்ந்து விமானி ஆனார். 1944 அக்டோபர் 25-ந் தேதி பிலிப்பைன்ஸ் அருகே கடும் சண்டை. ஜப்பானின் விமானந்தாங்கிக் கப்பல் 'சுய்காகு' மீது குண்டு போட்டவர்களில் இவரும் ஒருவர். கப்பல் மூழ்கியது. எங்கெனுக்கு 'நேவி கிராஸ்' என்ற வீரப் பதக்கம் கிடைத்தது. வைஸ் அட்மிரலாகி 1978-ல் ஓய்வு பெற்றார்.

கழிவறையில் தீ!

ஆனால் வீட்டில் உட்காரவில்லை. 1982-ல், விபத்துகளை விசாரிக்கும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தில் உறுப்பினர் ஆனார்.

மறு வருஷம் ஜூன் 2-ந் தேதி, டல்லாசில் இருந்து டொரான்டோ போன ஏர் கனடா விமானத்தின் பின்பக்கக் கழிவறையில் தீ. விமானி அவசரமாக சின்சினாட்டியில் இறக்கிவிட்டார். தரை தொட்டாச்சு. கதவும் திறந்தாச்சு. ஆனாலும் 46 பேரில் 23 பேர் வெளியே வரவில்லை! உள்ளே ஒரே புகை. கதவு திறந்து ஒன்றரை நிமிஷத்துக்குள் தீ குபீரென்று பரவிவிட்டது.

1984 ஏப்ரலில் எங்கென் நிர்வாகத் தலைவர் ஆனார். அக்டோபரில் உத்தரவு வந்தது. தரையோரம் விளக்கு போட வேண்டும். இருக்கை மெத்தைக்குத் தீயைத் தடுக்கும் உறை போட வேண்டும். விளக்குக்கு 2 வருஷம், மெத்தைக்கு 3 வருஷம் கெடு.

பொம்மைப் பயணிகள்

அதே வருஷம் டிசம்பர் 1-ந் தேதி ஒரு விபரீத சோதனை. நாசாவும் விமான நிர்வாகமும் சேர்ந்து, பொம்மைகளை உட்கார வைத்த போயிங் 720 விமானத்தை கலிபோர்னியா பாலைவனத்தில் வேண்டுமென்றே மோதவிட்டன. உள்ளே ஆள் கிடையாது. ஓட்டியது தரையில் இருந்து. 'சுலபத்தில் தீப்பிடிக்காது' என்று நம்பிய புதுவகை எரிபொருள் பலித்ததா? இல்லை. பெரும் நெருப்புக் கோளமாக எரிந்தது! அந்த எரிபொருளைக் கட்டாயமாக்கும் யோசனை கைவிடப்பட்டது.

கம்பெனிகளுக்கு அபராதம்

பராமரிப்பில் குறை வைத்த பெரிய கம்பெனிகளையும் நிர்வாகம் விடவில்லை. 1985-ல் அமெரிக்கன் ஏர்லைன்சுக்கு 15 லட்சம் டாலர் அபராதம். 1986-ல் ஈஸ்டர்ன் ஏர்லைன்சிடம் கேட்டது 95 லட்சம் டாலர்!

தலைவலியும் இருந்தது. 1981-ல் வேலை நிறுத்தம் செய்த 11,000-க்கும் மேற்பட்ட விமானக் கட்டுப்பாட்டு ஊழியர்களை அதிபர் ரீகன் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். மிச்சம் இருந்தவர்கள் தலையில் வேலைச் சுமை. 1987 ஜூனில் அவர்கள் புதுச் சங்கம் கண்டார்கள். அடுத்த மாதம் எங்கென் பதவி விலகினார்.

1996-ல் வாஷிங்டன் விமான, விண்வெளி அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஆனார். 1999 ஜூலை 13-ந் தேதி நெவாடாவில் அவர் போன கிளைடர் விமானம் நடுவானில் உடைந்து விழுந்தது. யுத்தத்தில் தப்பியவர் 75-வது வயதில் அதில் பலியானார்.