39 நாள்களில் முடிந்த பதவி: கால்பந்து மேலாளர்கள் நியமிக்கப்படுவதும் நீக்கப்படுவதும் எப்படி?

இங்கிலாந்தின் சிட்டி கிரவுண்ட் மைதானத்தில் 2025 அக்டோபர் 18 அன்று நடைபெற்ற பிரீமியர் லீக் ஆட்டத்தில், நாட்டிங்காம் ஃபாரஸ்ட் அணி செல்சியிடம் 0-3 என்ற கோல் கணக்கில் தோல்வியடைந்தது. ஆட்டம் முடிந்து இருபது நிமிடங்கள் கடப்பதற்குள் கிளப்பின் அறிக்கை வெளியானது. தலைமைப் பயிற்சியாளர் ஏஞ்ச் போஸ்டெகோக்ளு உடனடியாகப் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்பதே அதன் சாரம். அவர் அப்பதவியில் இருந்தது 39 நாள்கள் மட்டுமே. அவரது பொறுப்பில் அணி விளையாடிய 8 ஆட்டங்களில் 2 டிராவில் முடிந்தன, 6 தோல்வியில் முடிந்தன. பிரீமியர் லீக் வரலாற்றில் நிரந்தரமாக நியமிக்கப்பட்ட மேலாளர் ஒருவரின் மிகக் குறுகிய பதவிக்காலம் இதுவே.

இதே போஸ்டெகோக்ளு அதே ஆண்டு மே 21 அன்று டாட்டன்ஹாம் அணிக்கு யூரோப்பா லீக் கோப்பையை வென்று கொடுத்தவர். 17 ஆண்டுகளாகக் கோப்பை எதையும் காணாத கிளப் அது. எனினும் லீக் பட்டியலில் அணி 17-ஆவது இடத்தில் முடிந்திருந்ததால், கோப்பை வென்ற 16-ஆவது நாளில் அவர் நீக்கப்பட்டார். ஃபாரஸ்டில் அவருக்கு முன்பு இருந்த நூனோ எஸ்பிரிட்டோ சாண்டோவின் கதையும் இதற்குச் சளைத்ததல்ல. 2024-25 பருவத்தில் அணியை 7-ஆவது இடத்துக்கு உயர்த்தி, ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப் பிறகு ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெறச் செய்தவர் அவர். 2025 ஜூனில் மூன்று ஆண்டுகளுக்குப் புதிய ஒப்பந்தம் வழங்கப்பட்டது. செப்டம்பரில், மூன்று லீக் ஆட்டங்களே முடிந்திருந்த நிலையில், அவர் வெளியேற்றப்பட்டார்.

ஜூனில் நீண்டகால ஒப்பந்தத்துக்குத் தகுதியானவராகத் தோன்றிய ஒருவர் செப்டம்பரில் எவ்வாறு தகுதியற்றவரானார்? ஆட்டத்தின் முடிவுகளை மட்டும் பார்த்து இதற்கு விடை காண இயலாது. பணியமர்த்தும் முறை, ஒப்பந்தத்தின் உட்கூறுகள், முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டியுள்ளது.

மேலாளரும் தலைமைப் பயிற்சியாளரும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பல கிளப்களில் அணியைத் தேர்வு செய்தவர்கள் இயக்குநர் குழுவினரே. 1925-இல் ஆர்சனல் கிளப்பில் பொறுப்பேற்ற ஹெர்பர்ட் சாப்மன் போன்றோரின் காலத்தில்தான் அந்த அதிகாரம் மேலாளரின் கைக்கு வந்தது. வீரர்களை வாங்குவது, விற்பது, பயிற்சியளிப்பது, களமிறக்குவது என அனைத்தும் ஒருவரின் பொறுப்பாயின. மான்செஸ்டர் யுனைடெட் அணியை 1986 நவம்பர் முதல் 2013 மே வரை வழிநடத்திய அலெக்ஸ் ஃபெர்குசன் அந்த மரபின் உச்சம். 13 லீக் பட்டங்கள் உள்பட 38 கோப்பைகளை வென்ற அவருக்கு, முதல் கோப்பை கிடைத்தது 1990-இல்தான். மூன்றரை ஆண்டுகள் வெறுங்கையுடன் இருந்த ஒரு மேலாளரை இன்று எந்தப் பெரிய கிளப் பொறுத்துக்கொள்ளும் என்பது ஐயமே.

இப்போது பெரும்பாலான கிளப்களில் 'தலைமைப் பயிற்சியாளர்' என்ற பெயரே வழக்கத்துக்கு வந்துவிட்டது. இது வெறும் பெயர் மாற்றமன்று. எந்த வீரரை வாங்குவது என்பதை விளையாட்டு இயக்குநரும், தரவுப் பகுப்பாய்வுக் குழுவும், உரிமையாளரும் தீர்மானிக்கின்றனர். தமக்கு அளிக்கப்பட்ட வீரர்களைக் கொண்டு வெற்றி பெறுவது பயிற்சியாளரின் வேலை. அதிகாரம் பலருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்ட பின்னரும், தோல்விக்கான பொறுப்பு மட்டும் பழையபடி ஒருவரிடமே தங்கிவிட்டது. ஃபாரஸ்டில் நூனோவுக்கும், கிளப்பின் உலகளாவிய கால்பந்துத் தலைவராக அவ்வாண்டு கோடையில் பொறுப்பேற்ற எடுவுக்கும் இடையே ஏற்பட்ட கருத்து வேறுபாடு வெளிப்படையாகவே தெரிந்தது. வெளியேறியவர் பயிற்சியாளர்தான்.

இதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. ஓர் அணியில் சுமார் 25 வீரர்கள் இருப்பர். ஒவ்வொருவரும் பெருந்தொகைக்கு வாங்கப்பட்டு, பல ஆண்டு ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். கோடையிலும் ஜனவரியிலும் வரும் பரிமாற்றக் காலத்தில் மட்டுமே அவர்களை விற்கவோ புதியவர்களைச் சேர்க்கவோ முடியும். பயிற்சியாளரை எந்த நாளிலும் மாற்றலாம். பருவத்தின் நடுவே ஏதேனும் செய்தாக வேண்டும் என்ற நெருக்கடிக்கு உள்ளாகும் உரிமையாளருக்கு, உடனடியாகக் கைக்கு எட்டும் கருவி இது ஒன்றே. கீழ் லீக்குக்குத் தள்ளப்பட்டால் தொலைக்காட்சி ஒளிபரப்பு வருவாயில் பெரும்பகுதி பறிபோகும் என்ற அச்சமும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது.

ஒப்பந்தக் காலமும் இழப்பீடும்

'ஆறு ஆண்டு ஒப்பந்தம்' என்ற தலைப்புச் செய்தியைப் படிக்கும் வாசகர், நீக்கப்பட்டால் எஞ்சிய ஆண்டுகளின் சம்பளம் முழுவதும் கிடைக்கும் என எண்ணக்கூடும். பெரும்பாலும் அவ்வாறு இல்லை. நீக்கம் நேர்ந்தால் எவ்வளவு தொகை, எந்த நிபந்தனையின் கீழ் என்பது தொடக்கத்திலேயே எழுதி வைக்கப்படுவதுண்டு. நீக்கப்பட்டவருக்கு வேறு கிளப்பில் வேலை கிடைத்தால் பழைய கிளப் தரவேண்டிய தொகை குறைவதும் உண்டு.

மான்செஸ்டர் யுனைடெட் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம். எனவே, மற்ற கிளப்கள் மறைக்கும் கணக்கு அங்கே ஓரளவு வெளிச்சத்துக்கு வருகிறது. 2013-இல் ஆறு ஆண்டு ஒப்பந்தத்துடன் வந்த டேவிட் மோயஸ் பத்து மாதங்களில், 2014 ஏப்ரலில், நீக்கப்பட்டார். அவருக்கும் அவரது உதவியாளர்களுக்கும் அளிக்கப்பட்ட இழப்பீடு 52 லட்சம் பவுண்டு. 2018 ஜனவரியில் ஒப்பந்த நீட்டிப்புப் பெற்ற ஜோஸே மொரீன்யோ அதே ஆண்டு டிசம்பரில் நீக்கப்பட்டபோது, அவருக்கும் அவரது குழுவினருக்குமாக 1.96 கோடி பவுண்டு செலவானது. 2024 மே மாதம் எஃப்.ஏ. கோப்பையை வென்ற எரிக் டென் ஹாக்குக்கு ஜூலையில் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. அக்டோபர் 28 அன்று அவர் நீக்கப்பட்டார். அந்த வகையில் 1.04 கோடி பவுண்டு.

மொரீன்யோ, டென் ஹாக் ஆகிய இருவர் விஷயத்திலும் நீட்டிப்புக்கும் நீக்கத்துக்கும் இடையே ஓராண்டுகூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இழப்பீட்டுச் சுமையின் ஒரு பகுதி, நீக்கும் முடிவால் வந்ததன்று. சில மாதங்களுக்கு முன் நீட்டித்த முடிவால் வந்தது. அந்தக் கையெழுத்துக்காக யாரும் பதவி இழந்ததாகப் பொதுவாகச் செய்தி வருவதில்லை.

இத்தகைய அறிக்கைகளின் மொழியும் தனித்துவமானது. செய்தி மேசையில் அமர்ந்து இவற்றைத் தமிழாக்குவோருக்கு அவை விரைவில் பழகிவிடும். 'பரஸ்பர ஒப்புதலுடன் பிரிகிறோம்' என்றால் தொகை பேசி முடிக்கப்பட்டுவிட்டது எனப் பொருள் கொள்ளலாம். 'மேலாளர் மீது நிர்வாகத்துக்கு முழு நம்பிக்கை உள்ளது' என்ற அறிக்கை வந்தால், அடுத்த செய்திக்கான பின்னணிக் குறிப்பைத் தயார் செய்துவைப்பது நல்லது.

பிரேசில் நாட்டின் முதல்நிலை லீக்கில் 2021-ஆம் ஆண்டு, ஒரு கிளப் ஒரு பருவத்தில் ஒரு பயிற்சியாளரை மட்டுமே நீக்கலாம் என்ற விதி கொண்டுவரப்பட்டது. பரஸ்பர ஒப்புதலுடன் நடந்த பிரிவு இந்தக் கணக்கில் சேராது. அதன் பிறகு எத்தகைய அறிக்கைகள் பெருகியிருக்கும் என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம். மறு ஆண்டே அந்த விதி கைவிடப்பட்டது.

ஒரே பருவம், இரண்டு கிளப்கள்

செல்சியின் புதிய உரிமையாளர்கள் பொறுப்பேற்ற நூறாவது நாளையொட்டி, 2022 செப்டம்பர் 7 அன்று, தாமஸ் டூகல் நீக்கப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் அந்த அணிக்கு சாம்பியன்ஸ் லீக் பட்டத்தை வென்று தந்திருந்தார். அவருக்குப் பதிலாக, பிரைட்டன் கிளப்பிலிருந்து கிரஹாம் பாட்டர் ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் அழைத்துவரப்பட்டார். ஒப்பந்தத்தில் இருக்கும் பயிற்சியாளரை விடுவிக்க மற்றொரு கிளப் பணம் செலுத்த வேண்டும். பாட்டருக்கும் அவரது குழுவினருக்குமாக 2 கோடி பவுண்டுக்கும் அதிகமான தொகையை பிரைட்டன் பெற்றதாக அப்போது இங்கிலாந்து ஊடகங்கள் தெரிவித்தன.

பருவத்தின் நடுவே தலைமைப் பயிற்சியாளரையும் உதவியாளர்களையும் ஒருசேர இழந்த பிரைட்டன், சில நாள்களிலேயே ராபர்ட்டோ டி செர்பியை நியமித்தது. தங்கள் பயிற்சியாளர் எந்நேரமும் பறிபோகலாம் என்ற எண்ணத்துடன், மாற்று நபர்களின் பட்டியலை முன்கூட்டியே பராமரிக்கும் கிளப் அது. அக்டோபர் 29 அன்று பாட்டர் செல்சியுடன் பழைய மைதானத்துக்குத் திரும்பியபோது பிரைட்டன் 4-1 என வென்றது. 2023 ஏப்ரல் 2 அன்று, ஏழு மாதங்கள் முடிவதற்குள், பாட்டர் நீக்கப்பட்டார். அப்பருவத்தில் வீரர்களை வாங்க 50 கோடி பவுண்டுக்கும் மேல் செலவிட்ட செல்சி 12-ஆவது இடத்தில் முடிந்தது. பிரைட்டன் 6-ஆவது இடம் பிடித்து, தன் வரலாற்றில் முதல்முறையாக ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றது.

பாட்டர் திறமையற்றவரா? பிரைட்டனில் மூன்று ஆண்டுகள் அவர் செய்ததைப் பார்த்தால் அவ்வாறு கூற இயலாது. ஒரே மனிதர் ஓரிடத்தில் பொருந்தினார், மற்றோரிடத்தில் பொருந்தவில்லை. பொருந்துமா என்று ஆராய வேண்டியது நியமிப்பவரின் கடமை. செல்சியில் டூகல் நீக்கப்பட்டதற்கும் பாட்டர் அறிவிக்கப்பட்டதற்கும் இடையே இருந்தது ஒரே ஒரு நாள்.

மாற்றத்தால் பலன் உண்டா?

நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல், அந்நாட்டு முதல்நிலை லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான பருவங்களை ஆராய்ந்தார். பயிற்சியாளரை நீக்கிய அணிகள் பின்னர் மீண்டெழுந்தது உண்மை. ஆனால், அதே அளவு சரிவைச் சந்தித்தும் பயிற்சியாளரை நீக்காமல் விட்ட அணிகளும் ஏறத்தாழ அதே போல் மீண்டெழுந்தன. தொடர்ந்து நான்கு இன்னிங்ஸில் ஒற்றை இலக்கத்தில் ஆட்டமிழந்த ஒரு நல்ல பேட்டர், ஐந்தாவது இன்னிங்ஸில் ஓரளவேனும் ரன் சேர்க்கும் வாய்ப்பு அதிகம். இடையில் அவர் மட்டையை மாற்றியிருந்தால், பெருமை மட்டைக்குப் போய்ச் சேரும்.

5,000-க்கு 1 என்ற பந்தய விகிதத்தில் இருந்த லெஸ்டர் சிட்டியை 2016-இல் சாம்பியனாக்கிய கிளாடியோ ரனியேரி, ஒன்பது மாதங்களில் நீக்கப்பட்டார். உதவியாளராக இருந்த கிரெய்க் ஷேக்ஸ்பியரின் பொறுப்பில் அணி முதல் ஐந்து லீக் ஆட்டங்களையும் வென்று, 12-ஆவது இடத்தில் முடிந்தது. நீக்கம் பலித்தது என்றே அனைவரும் கருதினர். மூன்று ஆண்டு ஒப்பந்தம் பெற்ற ஷேக்ஸ்பியரும் அதே ஆண்டு அக்டோபரில் வெளியேற்றப்பட்டார். சவுத்தாம்ப்டனுக்கு அந்தத் தற்காலிக மலர்ச்சிகூட வாய்க்கவில்லை. 2024 டிசம்பரில் ரஸ்ஸல் மார்ட்டினை நீக்கி இவான் யூரிச்சைக் கொண்டுவந்த அக்கிளப், ஏழு ஆட்டங்கள் எஞ்சியிருந்தபோதே கீழ் லீக்குக்குத் தள்ளப்பட்டது.

எல்லா நீக்கங்களும் வீண் என்று இதற்குப் பொருளில்லை. இந்தியாவிலேயே நல்ல எதிர்ச்சான்று உண்டு. ஐஎஸ்எல் கோப்பையை வென்றிருந்த ஹுவான் ஃபெராண்டோவை, தொடர்ந்து மூன்று லீக் தோல்விகளுக்குப் பிறகு 2024 ஜனவரியில் மோகன் பகான் விடுவித்தது. பொறுப்பேற்ற அன்டோனியோ லோபஸ் ஹபாஸ் ஏப்ரலில் லீக் கேடயத்தை வென்றார். ஆனால், அவர் வெளியிலிருந்து அவசரமாக வரவழைக்கப்பட்டவர் அல்லர். கிளப்பின் தொழில்நுட்ப இயக்குநராக ஏற்கெனவே அணியை அறிந்திருந்தவர்.

இந்தியாவில் எழுந்த வழக்கு

வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் மிகுந்த இந்தியக் கால்பந்தில், நீக்கம் எளிதில் சர்வதேச வழக்காகிவிடும். 2021 முதல் நடைமுறையில் உள்ள ஃபிஃபா விதிகளின்படி, உரிய காரணமின்றி நீக்கப்படும் பயிற்சியாளர் இழப்பீடு கோரலாம். ஃபிஃபா தீர்ப்பாயத்தை அணுகலாம். அதற்கு மேல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உள்ள விளையாட்டுக்கான நடுவர் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

கிளப் அல்லாவிடினும், இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு தேசிய அணியின் முன்னாள் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச். 2019 முதல் பொறுப்பில் இருந்த அவரது ஒப்பந்தம் 2023-இல் நீட்டிக்கப்பட்டு 2026 வரை இருந்தது. உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் இந்தியா வெளியேறியதை அடுத்து, 2024 ஜூன் 17 அன்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அவரை நீக்கியது. தீர்ப்பாயத்தை நாடப்போவதாக ஸ்டிமாச் எச்சரித்தார். இறுதியில் 4 லட்சம் டாலர், அதாவது சுமார் 3.36 கோடி ரூபாய், வழங்கக் கூட்டமைப்பு ஒப்புக்கொண்டது. நிதிப் பற்றாக்குறையால் இளையோர் போட்டிகளுக்கே திணறும் விளையாட்டில் இது சிறிய தொகையன்று.

நீக்கப்பட்ட தலைமைப் பயிற்சியாளர்களுக்கு அடுத்த வேலை பெரும்பாலும் விரைவில் கிடைத்துவிடுகிறது. ஃபாரஸ்ட் நீக்கிய நூனோவை, செப்டம்பர் 27 அன்று வெஸ்ட் ஹாம் நியமித்தது. அதற்காக அதே நாளில் அங்கிருந்து நீக்கப்பட்டவர், செல்சி கதையில் வந்த அதே கிரஹாம் பாட்டர். சில வாரங்களில் அவர் ஸ்வீடன் தேசிய அணியின் பயிற்சியாளரானார். ஃபாரஸ்டில் போஸ்டெகோக்ளுவின் இடத்துக்கு வந்த ஷான் டைச், அதே ஆண்டு ஜனவரியில் எவர்ட்டனில் வேலையிழந்தவர். அவருடன் வந்து அவருடனே போகும் உதவிப் பயிற்சியாளர், கோல்கீப்பர் பயிற்சியாளர், உடற்தகுதி நிபுணர் போன்றோரின் பெயர்கள் அறிக்கையின் கடைசி வரியில் இடம்பெற்றால் பெரிது.

பருவத்தின் நடுவே காலியாகும் நாற்காலியில் இந்தியக் கிளப்கள் தற்காலிகமாக அமர்த்துவது பெரும்பாலும் உள்நாட்டவரையே. 2024 ஜனவரியில் ஈஸ்ட் பெங்காலுக்கு சூப்பர் கோப்பையை வென்று தந்த கார்லஸ் குவாட்ராட், ஐஎஸ்எல் தொடக்கத்தில் மூன்று தோல்விகளுக்குப் பிறகு செப்டம்பரில் விலகியபோது, பினோ ஜார்ஜ் பொறுப்பேற்றார். டிசம்பரில் மிக்கேல் ஸ்டாரேயை கேரளா பிளாஸ்டர்ஸ் நீக்கியபோது, டி.ஜி. புருஷோத்தமன் இடைக்காலப் பொறுப்புக்கு வந்தார். இருவருக்குப் பின்னரும் நிரந்தரப் பதவிக்கு வந்தவர்கள் ஸ்பெயின் நாட்டவர்கள்.

இந்த வழியே வந்து நிலைத்தவர் காலித் ஜமீல். 2021 ஜனவரியில் நார்த்ஈஸ்ட் யுனைடெட் கிளப் ஜெரார்ட் நூஸை நீக்கியபோது இடைக்காலப் பயிற்சியாளராக வந்த அவர், அணியை அரையிறுதிக்கு அழைத்துச் சென்றார். அதே ஆண்டில், ஐஎஸ்எல் கிளப் ஒன்றின் முதல் நிரந்தர இந்தியத் தலைமைப் பயிற்சியாளரானார். 2025 ஆகஸ்டில் இந்திய தேசிய அணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.