கொல்லிமலை பனிமூட்டமும் தங்கச்சியோட கேமராவும்: ஒரே ஒரு டயல் போதும்!

போன மாசம் குடும்பத்தோட கொல்லிமலை போயிருந்தோம். காரவள்ளி அடிவாரத்துல இருந்து 70 கொண்டை ஊசி வளைவு. பாதி தூரம் வரைக்கும் தங்கச்சி திரும்பத் திரும்பச் சொன்னது ஒண்ணுதான்: "அண்ணா, இந்தக் கேமராவை வித்துடலாம். எனக்கு போனே போதும்."

என் பழைய மிரர்லெஸ் கேமராவை அவளுக்குக் கொடுத்தப்போ, அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓன்னு ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்தேன். அப்புறம் அம்மாயியோட எண்பதாவது பிறந்தநாளுக்கு அவ எடுத்த படம் அத்தனையும் ஷேக். அன்னைக்கு உள்ள வெச்ச கேமராதான். தப்பு அவ மேல இல்லை. ஆப்பைக் கேட்டவங்ககிட்ட கான்ஃபிக் ஃபைலைக் கொடுத்த இன்ஜினியர் நான்தான்.

சரி, முழு ஆட்டோல விட்டுடலாமா? செம்மேட்டுல காலைப் பனியில அதையும் பார்த்தோம். ஃப்ளாஷ் அடிச்சது. பனித்துளிகள் அந்த வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப, படம் பூரா வெள்ளைப் புள்ளி. அது ஏன்னும் அவளுக்குத் தெரியலை, எதை மாத்தணும்னும் தெரியலை.

1888ல ஜார்ஜ் ஈஸ்ட்மன் விட்ட கோடாக் கேமராவுல 100 படத்துக்கான ஃபிலிம் போட்டே வரும். எடுத்து முடிச்சதும் கேமராவையே கம்பெனிக்கு அனுப்பணும். கழுவி, பிரின்ட் போட்டு, புது ஃபிலிமோட திருப்பித் தருவாங்க. கஷ்டமான வேலை எங்கயும் மறைஞ்சு போகலை. தெரிஞ்சவங்க கைக்கு மாறுச்சு, அவ்வளவுதான். எங்க வீட்டுல அந்தத் தெரிஞ்சவன் நான். அதனால டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்து முடிவுகளை முன்கூட்டியே எடுத்து வெச்சேன்.

மோடு 'ஏ', அதாவது அப்பர்ச்சர் பிரயாரிட்டி, எஃப் 5.6. ஐஎஸ்ஓ ஆட்டோ, உச்சவரம்பு 6400. ஷட்டர் 1/250 நொடிக்குக் கீழ போகக் கூடாது. ஆள் அசைஞ்சாலும் ஷேக் ஆகாது. ஃபோகஸ் கண்ணைத் தேடிப் பிடிக்கும். ஃப்ளாஷ் ஆஃப். எல்லாத்தையும் டயல்ல 'சி1'ல சேவ் பண்ணிட்டேன் (சில கேமராவுல 'யூ1'னு இருக்கும்). எதையாவது தப்பா மாத்திட்டா டயலைத் திருப்பி மறுபடி 'சி1'க்கு வந்தா போதும், நான் வெச்சது திரும்ப வந்துடும். புதுசா கத்துக்கிறவங்களுக்குப் பயம் போறது இதனாலதான்.

அவளுக்குன்னு விட்டது ஒரே டயல்: எக்ஸ்போஷர் காம்பன்சேஷன். கேமராவோட மீட்டர் பார்க்கிற எதையும் நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். அதனால வெள்ளைப் பனிமூட்டம் அழுக்கு வேட்டி மாதிரி வரும். "வெள்ளையா தெரியணுமா, ப்ளஸ் பக்கம் திருப்பு. கருப்பு கருப்பா இருக்கணுமா, மைனஸ்." பாடம் முடிஞ்சது. ப்ளஸ் 1ல பனி பனியாவே வந்தது.

அறப்பளீஸ்வரர் கோயில்கிட்ட இருந்து ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேல படி. அம்மாயியால இறங்க முடியாது. அருவிக்காக 'சி2' வெச்சேன்: ஷட்டர் 1/8, ஐஎஸ்ஓ 100, ஸ்டெபிலைசேஷன் ஆன். நல்ல வெயில்ல இது வெளுத்துடும். அன்னைக்கு மேகமூட்டம் கைகொடுத்துச்சு. தங்கச்சி முழங்கையைக் கம்பியில ஊன்றிக்கிட்டு எடுத்தா. நான் கேமராவைத் தொடவே இல்லை.

மூச்சு வாங்க மேல வந்து அம்மாயிகிட்ட ஸ்கிரீனைக் காட்டினா. அம்மாயி ரொம்ப நேரம் பார்த்துட்டு, "தண்ணி பட்டு நூலாட்டம் இருக்குதே, கண்ணு"ன்னாங்க. திருப்பிக் கொடுக்கலை, அடுத்த படத்தைக் கேட்டாங்க.

இறங்குறப்போ விக்கிற பேச்சே வரலை. "அண்ணா, அந்த எஃப் 5.6ஐ மாத்தினா என்ன ஆகும்?"னு கேட்டா. அதை அடுத்த எபிசோட்ல பேசலாம். உங்க வீட்டுல அலமாரியில தூங்குற கேமரா இருந்தா, இந்த வாரம் ஒரு 'சி1' செட் பண்ணி யார் கையிலயாவது கொடுங்க மக்களே!