கடல் எமக்குத் தெரியும், கடற்றொழில் விஞ்ஞானம் தெரியுமா?

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் நின்று பார்த்தால் உட்துறைமுகம் தெரியும். கிழக்கு மாகாண ஆளுநர் செயலகம் அமைந்திருப்பதும் இங்கேதான். இந்த மாவட்டத்தின் கடலை நம்பி வாழ்வோரில் கிண்ணியா, மூதூர், புல்மோட்டை முஸ்லிம் மீனவர் குடும்பங்களும் அடங்குகின்றன. ஆனால் அக்குடும்பத்துப் பிள்ளை உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சித்தியடைந்து, வைத்தியத்துறைக்கு வெட்டுப்புள்ளி போதாமல் போனால், கடற்றொழில் விஞ்ஞானம் படிக்கலாம் என்று வீட்டில் எவரும் சொல்வதில்லை.

"மீன் பிடிக்கப் பட்டம் எதற்கு?" என்று கேட்போர் உண்டு. சுருக்கு வலைச் சர்ச்சையைப் பாருங்கள். இம்மாவட்டத்தில் அது நீண்டகாலப் பிரச்சினை. கூட்டங்களில் மீனவர் தன் அனுபவத்தைச் சொல்வார். அதிகாரி அறிக்கையைக் காட்டுவார். முடிவு அறிக்கையின் பக்கமே சாயும். அந்த அறிக்கையை எழுதவும், அதில் பிழையிருந்தால் சுட்டிக்காட்டவும் படித்தவர்கள் வேண்டும்.

பட்டப்பின் படிப்பில் கற்பிக்கப்படுவது இதுவே. கரைக்கு வரும் கீரி, சூடை மீன்களின் நீளத்தை மாதந்தோறும் அளப்பார்கள். மீனின் செவிக்கல்லில் உள்ள வளையங்களை எண்ணி வயதைக் கணிப்பார்கள். எந்த மாதத்தில் சினைப்படுகிறது, ஒரு படகுக்கு ஒரு நாளில் எவ்வளவு கிடைக்கிறது என்று பதிவார்கள். இவற்றைச் சேர்த்துத்தான் எவ்வளவு பிடித்தால் இனம் அழியாது என்று சொல்ல முடியும். நீருயிரின வளர்ப்பு, மீன் பதனிடல், கடற்றொழில் சட்டம் ஆகியனவும் இத்துறையில் அடங்கும்.

இதன் பெறுமதியை நாடே ஒருமுறை உணர்ந்தது. சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தத் தவறியதாகக் கூறி, இலங்கை மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடை 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. படகுகளுக்குச் செய்மதிக் கண்காணிப்பு, முறையான பதிவேடு என்று சீர்திருத்தங்கள் நடந்த பிறகே 2016 ஜூனில் அது நீங்கியது. பதிவும் தரவும் இல்லாவிட்டால் பிடித்த மீனுக்கும் சந்தை இல்லை.

வழிகள் உள்ளன. ருஹுணு பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் தனிப் பீடமே இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்திலும் கடற்றொழில் விஞ்ஞானம் கற்கலாம். 2014ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சமுத்திரப் பல்கலைக்கழகத்துக்குத் திருகோணமலையிலும் நிலையம் உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் முடித்தவர்களும் களனிப் பல்கலைக்கழகத்தில் நீருயிரின வளர்ப்பு, மீன்வள முகாமைத்துவத் துறையில் முதுமாணி படிக்க முயலலாம். துறைசார் நிறுவனங்களில் பணியாற்றுவோருக்கு ஐஸ்லாந்தில் புலமைப்பரிசிலுடன் ஆறு மாதப் பயிற்சி நெறியும் இருக்கிறது. அனுமதித் தகைமைகளை விண்ணப்பிக்கும் ஆண்டில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பட்டப்பின் படிப்புக்கு ஆங்கிலமும் புள்ளிவிபரவியலும் இன்றியமையாதவை. இவ்விரண்டிலும் தடுமாறினால் ஆய்வு பாதியில் நின்றுவிடும். ஆகவே பள்ளிவாசல் நிர்வாகங்களும் கல்வி அமைப்புகளும் உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு இவற்றுக்கு வகுப்பு நடத்தலாம். ஊருக்கு ஓரிரு மாணவருக்கேனும் உதவித்தொகை வழங்கலாம்.

வலையின் கண்ணளவைத் தீர்மானிக்கும் மேசையில், வாப்பாவோடு தோணியில் போய் வளர்ந்த பிள்ளை ஒருவர் விஞ்ஞானியாக அமரட்டும். அவருக்குக் கடலும் தெரியும், கணக்கும் தெரியும்.