கண் சொட்டு மருந்தும் பரமக்குடி அண்ணனும்

ஜூன் மாசம் ஷமால் காத்து அடிக்க ஆரம்பிச்சா குதைபியா முழுக்கப் புழுதிதான் மக்களே. ரூம்ல பாதிப் பேருக்குக் கண்ணு சிவந்து அரிக்கும்.

எங்க ரூம் பரமக்குடி அண்ணன் டிரைவர். "இதை ரெண்டு சொட்டு விடு தம்பி, காலையில பளிச்சுனு ஆயிடும்"னு எல்லாருக்கும் சிபாரிசு பண்ணுவார். போன மாசம் அது தீர்ந்துபோச்சு. "நீதான் மாஸ்டர்ஸ் படிக்கிறவனாச்சே, இங்க இது என்ன பேர்ல கிடைக்கும்னு பாரு"ன்னு காலி பாட்டிலை நீட்டினார். லேபிளைப் படிச்சேன். டெக்ஸாமெத்தசோன். ஸ்டீராய்டு!

ரெண்டு வருஷம் முன்னாடி ஊர்ல டாக்டர் ஒரு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தது. அந்தச் சீட்டை வச்சே லீவு முடிஞ்சு வர்றவங்ககிட்ட வாங்கிட்டு வரச் சொல்லி விட்டுட்டு இருந்திருக்கார்.

கண்ணுக்குள்ள ஒரு நீர் ஊறி, சல்லடை மாதிரி ஒரு திசு வழியா வடிஞ்சுக்கிட்டே இருக்கும். ஸ்டீராய்டை வாரக்கணக்கா விட்டா சிலருக்கு அந்தச் சல்லடை அடைச்சுக்கும், கண் அழுத்தம் ஏறும். சாதாரண அழுத்தம் 10-லிருந்து 21 மி.மீ. பாதரசம். மூணுல ஒருத்தருக்கு ஓரளவு ஏறும், நூத்துக்கு நாலஞ்சு பேருக்கு ரொம்பவே ஏறும்னு 1960-கள்லயே ஆய்வுகள் சொல்லிடுச்சு. வலி தெரியாது. முதல்ல போறது பக்கவாட்டுப் பார்வை. அப்படிச் செத்த நரம்பு திரும்ப வராது. இதுதான் குளுக்கோமா.

அண்ணனை இழுத்துட்டுப் போய் டெஸ்ட் பண்ணோம். வலது கண்ணுல 34. நரம்பும் கொஞ்சம் பாதிச்சிருக்கு. டாக்டர் அந்த மருந்தை நிறுத்திட்டு, அழுத்தம் குறையுறதுக்கு வேற சொட்டு மருந்து கொடுத்தார். அண்ணன் வெளிய வந்து கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "வண்டி ஓட்ட விடுவாங்கல்ல தம்பி?"

இப்போ அழுத்தம் 18. வண்டி ஓட்டுறார். போன பார்வை போனதுதான்.

உங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல இருக்கிற கண் மருந்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. பேர் 'சோன்', 'லோன்'னு முடிஞ்சா பெரும்பாலும் ஸ்டீராய்டுதான். இந்தியாவுல அது ஷெட்யூல் எச் மருந்து, சீட்டு இல்லாம விக்கவே கூடாது. டாக்டர் சொன்ன நாளுக்கு மேல விடாதீங்க. ரொம்ப நாளா விட்டுட்டு இருந்தா அழுத்தம் பார்த்துடுங்க, அஞ்சு நிமிஷ வேலை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுறவங்க இதைப் படிச்சுட்டு நீங்களா நிறுத்திடாதீங்க, அது வேற ஆபத்து. டாக்டர்கிட்ட கேளுங்க.