எட்டு லிங்கம், எட்டு டீம்: எக்ஸெல்லில் ஒரு கற்பனை செக்யூரிட்டி கம்பெனி

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகன் போன விடுமுறைக்கு திருவண்ணாமலையில் உள்ள எங்கள் வீட்டிற்கு வந்திருந்தான். அவன் ஊருக்குப் போன பிறகு கம்ப்யூட்டரைத் திறந்தால், டெஸ்க்டாப்பில் 'கம்பெனி ஆயுதம்' என்று ஒரு எக்ஸெல் ஃபைல். பெயரைப் பார்த்ததும் திக்கென்றது. திறந்து பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. அவன் ஒரு கற்பனை செக்யூரிட்டி கம்பெனி ஆரம்பித்து, டீம் டீமாகத் துப்பாக்கி பிரித்துக் கொடுத்திருந்தான். கிரிவலப் பாதையில் உள்ள அஷ்ட லிங்கங்களின் பெயர்தான் எட்டு டீமுக்கும்!

உங்கள் வீட்டுப் பையனும் இப்படி ஒரு பட்டியல் வைத்திருக்கலாம். அழித்துவிடாதீர்கள். அதை வைத்தே எக்ஸெல்லும் கற்றுத் தரலாம். அதைவிட முக்கியமான ஒன்றையும் கற்றுத் தரலாம். எப்படி என்று பார்ப்போம்.

எங்கிருந்து வந்தது இந்த ஆசை?

1999-ல் ஹாஃப் லைஃப் என்ற கேமுக்கு ஒட்டுவேலையாக வந்தது கவுன்ட்டர் ஸ்ட்ரைக். 2000-ல் தனி கேமாகக் கடைக்கு வந்தது. அதில் கையில் 800 டாலரோடு ஆட்டம் தொடங்கும். ஜெயித்தால் பணம் கூடும். ஆனால் 16,000 டாலருக்கு மேல் சேராது. அதற்குள் துப்பாக்கி, கவசம், குண்டு எல்லாவற்றையும் வாங்க வேண்டும். அதன் 1.6 பதிப்பில் ஏகே-47 விலை 2,500, எம்4ஏ1 3,100, ஏடபிள்யூபி 4,750. ஹெல்மெட்டோடு கவசம் 1,000. எதை எதோடு சேர்த்து வாங்குவது என்பதில்தான் பாதி ஆட்டம். 2007-ல் வந்த கால் ஆஃப் ட்யூட்டி 4, 'உன் செட்டை நீயே அமைத்துக்கொள்' என்று அதையே ஒரு தனி மெனுவாக்கியது. அதன் பிறகு வந்த பல கேம்களில் ஹீரோவே தனியார் ராணுவக் கம்பெனி ஆள்தான்.

இன்னொரு வேடிக்கை. 1.6 மெனுவில் ஏகே-47 'சிவி-47' என்றும், டெசர்ட் ஈகிள் 'நைட் ஹாக்' என்றும்தான் இருக்கும். துப்பாக்கி நிஜம், பெயர் கற்பனை! நம் பையனும் அதைத்தான் செய்திருக்கிறான்.

அவன் போட்ட பட்டியல்

இந்திர டீம் (விஐபி பாதுகாப்பு): டெசர்ட் ஈகிள், எம்பி5, கவசம் - 3,150
அக்னி டீம் (அதிரடி): ஏகே-47, கவசம், ஒரு கையெறி குண்டு - 3,800
எம டீம் (தூரத்திலிருந்து சுட): ஏடபிள்யூபி, கவசம் - 5,750
நிருதி டீம் (இரவுக் காவல்): எம்4ஏ1, கவசம், இரண்டு ஃப்ளாஷ் குண்டு - 4,500
வருண டீம் (கப்பல்): ஆக் ரைஃபிள், கவசம் - 4,500
வாயு டீம் (வேகம்): ஸ்கவுட், ஹெல்மெட் இல்லாத கவசம் - 3,400
குபேர டீம் (பண வண்டி): எம்3 ஷாட்கன், கவசம் - 2,700
ஈசான்ய டீம் (கேட் காவல்): கிளாக், ஹெல்மெட் இல்லாத கவசம் - 1,050

ஒரு டீமுக்கு ஒரு செட் என்று வைத்தாலே மொத்தம் 28,850 டாலர். 16,000 உச்சவரம்பில் கம்பெனி முதல் நாளே திவால்! வாயு டீமுக்கு ஸ்கவுட் கொடுத்ததை மட்டும் பாராட்டினேன். 1.6-ல் கையில் கத்தியோடு ஓடுவதைவிட ஸ்கவுட்டோடு ஓடினால்தான் வேகம் அதிகம். பையன் யோசித்துத்தான் செய்திருக்கிறான்.

ஷீட்டைச் சரியாக அமைப்பது எப்படி?

அவன் எல்லா விலையையும் கையால் டைப் செய்திருந்தான். ஒரு விலை மாறினால் எட்டு இடத்தில் திருத்த வேண்டும். போனில் அழைத்து, இப்படி மாற்றச் சொன்னேன்.

1. முதல் ஷீட்டில் 'விலைப்பட்டியல்'. ஏ காலத்தில் பொருள், பி காலத்தில் விலை, சி காலத்தில் 'ஆட்டோமேட்டிக்கா?', டி காலத்தில் போர் அளவு.

2. இரண்டாவது ஷீட்டில் டீம்கள். பொருளின் பெயரை டைப் செய்ய வேண்டாம். டேட்டா மெனுவில் டேட்டா வேலிடேஷன், அதில் லிஸ்ட் தேர்ந்தெடுத்து முதல் ஷீட்டின் ஏ காலத்தைக் காட்டுங்கள். செல்லில் ஓர் அம்புக்குறி வரும். எழுத்துப் பிழைக்கு இடமில்லை.

3. விலையை வீலுக்கப் ஃபங்ஷன் எடுத்து வரட்டும். கடைசியில் பூஜ்யம் போட மறக்காதீர்கள். மறந்தால், பட்டியல் அகர வரிசையில் இல்லாதபோது பக்கத்துப் பொருளின் விலையை எடுத்து வந்துவிடும். பிழை என்றும் சொல்லாது. பட்டியலைக் குறிப்பிடும்போது எஃப்4 கீயை ஒருமுறை தட்டி டாலர் குறி போட்டுப் பூட்டிவிடுங்கள்.

4. மொத்தம் 16,000-ஐத் தாண்டினால் செல் சிவப்பாக மாற, கண்டிஷனல் ஃபார்மேட்டிங்.

எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் கால்க்கிலும் இதையெல்லாம் செய்யலாம்.

இரண்டு காலம் கூடுதலாக

இதோடு விட்டிருந்தால் இது வெறும் எக்ஸெல் பாடம். எங்கள் தெருவில் ஒரு முன்னாள் ராணுவ வீரர் இருக்கிறார். வங்கி வாசலில் காவல் வேலை. துப்பாக்கியும் அவருடையது, லைசென்சும் அவர் பெயரில்தான். அவரிடம் பட்டியலைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"நம்மகிட்ட இருக்கறது 12 போர் டபுள் பேரல் சார். ரெண்டு தோட்டா. இத்தனை வருஷத்துல வாசல்ல ஒரு தடவைகூட சுட்டதில்ல. சுடாம வீட்டுக்கு வர்றதுதான் என் வேலை" என்றார்.

அவர் சொன்னதைக் கேட்டு ஷீட்டில் 'சட்டம்', 'வேலை' என்று இரண்டு காலம் சேர்த்தோம்.

சட்டம்: 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகள் தடை செய்யப்பட்டவை. 9 எம்எம் பிஸ்டலும் தடை செய்யப்பட்ட போர் வகைதான். 2019 திருத்தத்திற்குப் பிறகு ஒருவர் லைசென்சில் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. இஃப் ஃபங்ஷனில் இந்த விதிகளை எழுதியதும் இந்திர, அக்னி, நிருதி, வருண, ஈசான்ய என ஐந்து டீம்கள் சிவப்பாயின. 2005-ம் ஆண்டு தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி, கம்பெனி நடத்தவே உரிமம் வேண்டும். ராணுவம், போலீஸ் போலத் தோன்றும் சீருடை போட்டால் தண்டனை உண்டு. மத்திய அரசின் மாதிரி விதிகள்படி ஒரு காவலருக்கு வகுப்பறையில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம் பயிற்சி தர வேண்டும்.

வேலை: எம டீமும் வாயு டீமும் இங்கே விழுந்தன. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். கார்த்திகை தீபத்தன்று லட்சக்கணக்கில் ஜனம். அந்தக் கூட்டத்தில் தூரத்திலிருந்து யாரைச் சுடுவது? அங்கே வேண்டியது வாக்கி டாக்கி, டார்ச், கயிறு, முதலுதவிப் பெட்டி.

மிஞ்சியது குபேர டீம். அதன் எம்3 ஷாட்கன், நம் காவலர் அய்யாவின் துப்பாக்கியைப் போலவே 12 போர்!

அதுவும் எல்லா இடத்திலும் உதவுமா? 2023 பிப்ரவரி 12 அதிகாலை, திருவண்ணாமலை மாவட்டத்தில் நான்கு ஏடிஎம்களை ஒரு கும்பல் கேஸ் கட்டரால் அறுத்து 70 லட்சம் ரூபாய்க்கு மேல் கொள்ளையடித்தது. தடயம் கிடைக்காமலிருக்க இயந்திரங்களுக்குத் தீயும் வைத்தார்கள். போலீஸ் வெளிமாநிலங்கள் வரை தேடிப் போய் ஆட்களைப் பிடித்தது. இதைப் படித்த பையன், குபேர டீமில் துப்பாக்கிக்கு முன்னால் இரண்டு வரி சேர்த்தான்: அலாரம், பதிவை வேறு இடத்தில் சேமிக்கும் கேமரா.

வருண டீமின் நிஜக் கதை

"கடல்ல சட்டம் கிடையாதே மாமா?" என்று கேட்டான். அவனுக்குத் தூத்துக்குடி கதையைச் சொன்னேன்.

2013 அக்டோபர் 12. கடற்கொள்ளையரிடமிருந்து கப்பல்களைக் காக்கும் ஓர் அமெரிக்கத் தனியார் கம்பெனியின் 'சீமேன் கார்டு ஓஹியோ' கப்பலை நம் கடலோரக் காவல் படை தடுத்து, தூத்துக்குடிக்குக் கொண்டு வந்தது. கப்பலில் 35 பேர்: எஸ்டோனியர் 14, இந்தியர் 12, பிரிட்டிஷார் 6, உக்ரைனியர் 3. துப்பாக்கிகளும் 35, தோட்டாக்கள் ஐயாயிரத்துக்கு மேல். இவற்றை இந்தியக் கடல் எல்லைக்குள் வைத்திருக்க உரிய அனுமதி இல்லை என்பது வழக்கு. 2016 ஜனவரியில் 35 பேருக்கும் ஐந்தாண்டுச் சிறை என்று தூத்துக்குடி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அனைவரையும் விடுதலை செய்தது. நான்கு ஆண்டுகள்! பலர் வெளிநாட்டிலிருந்து சம்பளத்திற்கு வந்தவர்கள். துப்பாக்கிப் பட்டியலில் 'அனுமதி' என்ற ஒரு காலம் எவ்வளவு கனமானது என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

பெற்றோருக்கு

இது விளையாட்டாகவே இருக்கட்டும். ஃபைலின் பெயரிலேயே 'கேம்' என்று சேர்த்துவிடுங்கள். பொம்மைத் துப்பாக்கியோடு படம் எடுத்து இணையத்தில் போடுவதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். பார்ப்பவருக்குப் பொம்மை என்று தெரியாது. திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு காலம் சேர்க்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்க ஆரம்பித்தால் பட்டியல் தானே மாறும்.

நேற்று பையன் புதிய ஃபைலை மெயிலில் அனுப்பியிருந்தான். எட்டு டீமும் அப்படியே இருக்கின்றன. துப்பாக்கி ஒரே டீமிடம். எம டீமுக்கு ஆம்புலன்ஸ் கொடுத்திருக்கிறான். "எமன்கிட்டேயிருந்து காப்பாத்தற டீம்" என்று எதிரில் குறிப்பு. காவலர் அய்யாவிடம் காட்டினேன். சிரித்துக்கொண்டே, "இந்தக் கம்பெனியில எனக்கு ஒரு வேலை போட்டுக் குடுக்கச் சொல்லுங்க" என்றார்.