நிலத்தடி நீரும் புள்ளியியல் மென்பொருளும்

நீர்வளம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது ஆறு. காவிரியும் குடமுருட்டியும் திருமலைராஜனும் பாயும் பாபநாசம் வட்டத்தில் வாழ்வோர்க்கு இஃது இயல்பே. ஆற்றில் நீர் வந்ததா, மதகு திறந்ததா என்பதைச் சிறுவரும் கண்டு சொல்வர். ஆனால், மணற்படுகையினுள் மறைந்திருக்கும் நீர் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதை எவ்வாறு அறிவது? மணற்கேணியைக் கல்விக்கு உவமையாக்கினார் வள்ளுவர். இன்று அக்கேணி நீரைக் கணக்கிடுவதே ஒரு கல்வியாக வளர்ந்துள்ளது. அதற்குத் துணைநிற்கும் புள்ளியியல் மென்பொருள்களைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

அறிய வேண்டிய தேவை

1934-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்ட பின்னர், ஜூன் 12-ஆம் நாளைக் குறுவைக்கு நீர் வரும் நாளாக நம் உழவர்கள் எதிர்நோக்கி வருகின்றனர். எனினும், 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் அந்நாளில் அணை திறக்கப்படவில்லை. 2020-இல் மீண்டும் அந்நாளில் திறக்கப்பட்டது. 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. இத்தகைய ஆண்டுகளில் குறுவை நாற்றுக்குக் கைகொடுப்பவை வடிமுனைக் குழாய்க் கிணறுகளே. ஆற்றில் நீர் குறையும்போது நிலத்துள் ஊறுவது குறைகிறது. அதே வேளையில் பம்புசெட்டு மூலம் இறைப்பது மிகுகிறது. நிலத்தடி நீருக்கு ஒரே ஆண்டில் இரு பக்கமும் இழப்பு நேர்கிறது.

கிணற்றில் நீர் இறங்கியதைக் கண்ட உழவர் கேட்கும் கேள்வி ஒன்றே: இஃது இவ்வாண்டு வறட்சியின் விளைவா, ஆண்டுதோறும் தொடரும் இறக்கமா? முன்னது எனில் அடுத்த மழை அதனை ஈடுசெய்யும். பின்னது எனில், கடன் வாங்கிக் குழாயை இன்னும் ஆழமாக இறக்குவது சில ஆண்டுகளுக்கு மட்டுமே பயன்தரும். பயிர்முறையையும் நீர் சேமிப்பையும் மாற்றியமைக்க வேண்டியிருக்கும். ஒரு குடும்பத்தின் பொருளாதாரமே இவ்விடையைப் பொறுத்து நிற்கிறது. கண்ணால் பார்த்து மட்டும் இதற்கு விடை கூற இயலாது. பல ஆண்டு அளவீடுகள் வேண்டும்.

அளவீடுகளும் மென்பொருளும்

மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளில் ஆண்டுக்கு நான்கு முறை, அதாவது ஜனவரி, மே, ஆகஸ்டு, நவம்பர் மாதங்களில், நீர்மட்டத்தை அளக்கிறது. தமிழ்நாட்டு நீர்வளத் துறையின் கீழுள்ள நிலத்தடி நீர்ப் பிரிவினர் மாதந்தோறும் அளக்கின்றனர். முற்காலத்தில் இவை பேரேடுகளில் கையால் எழுதப்பட்டன. 1995-இல் உலக வங்கியின் உதவியுடன் தொடங்கிய நீரியல் திட்டத்தில் தமிழ்நாடும் இடம்பெற்றது. அதன் வழியே தானியங்கி நீர்மட்டப் பதிவுக் கருவிகளும், அளவீடுகளைக் கணிப்பொறியில் பதியும் மென்பொருள்களும் நடைமுறைக்கு வந்தன. நிலத்தடி நீர்வளத்தை மதிப்பிடுவதற்கென ஐதராபாத் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் துணையோடு வாரியம் உருவாக்கிய 'இன்கிரெஸ்' என்னும் மென்பொருள் இன்று நாடு முழுவதும் பயன்படுகிறது.

தமிழ்நாட்டில் இம்மதிப்பீடு முன்பு பிர்க்கா வாரியாக நடைபெற்றது. ஊறும் நீரில் எடுக்கத்தக்க அளவில் 70 விழுக்காடு வரை எடுத்தால் அப்பகுதி 'பாதுகாப்பானது'. 90-க்கு மேல் 'அபாயகரமானது'. 100-ஐக் கடந்தால் 'அதிநுகர்வு'. இக்கணக்கு சரிதானா என்பதை நீர்மட்டத்தின் நீண்டகாலப் போக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டு மதிப்பீட்டு நெறிமுறையின் விதி. அப்போக்கைக் காண்பதே புள்ளியியலின் பணி.

போக்கைக் காணும் முறை

இப்பணிக்கு உலகெங்கும் கையாளப்படுவது மாண்–கெண்டால் சோதனை. 1945-இல் மாண் என்பவர் வகுத்த இம்முறை, கெண்டால் என்னும் ஆங்கிலேயப் புள்ளியியலாளரின் ஆய்வை அடியொற்றியது. பெயர் பெரிதாயினும் கருத்து எளிது. ஒரு கிணற்றில் தரையிலிருந்து நீர்மட்டம் வரையுள்ள ஆழம், ஆறு ஆண்டுகளின் மே மாதத்தில் 4.2, 4.6, 4.4, 5.1, 5.0, 5.5 மீட்டர் என்று இருப்பதாக எடுத்துக்காட்டுக்காகக் கொள்வோம். ஆழம் மிகுந்தால் நீர் இறங்குகிறது என்பது பொருள்.

ஒவ்வோர் ஆண்டையும் அதற்குப் பின்வரும் ஒவ்வோர் ஆண்டோடும் ஒப்பிட்டால் 15 இணைகள் கிடைக்கும். அவற்றுள் 13 இணைகளில் ஆழம் மிகுந்துள்ளது. 2 இணைகளில் குறைந்துள்ளது. வேறுபாடு 11. நீர்மட்டத்தில் எப்போக்குமே இல்லாதபோது, தற்செயலாக மட்டும் 11 அல்லது அதற்கு மேற்பட்ட எண் வரும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. எனவே, இவ்விறக்கத்தைத் தற்செயல் என ஒதுக்கிவிடுதல் கடினம்.

இறக்கத்தின் வேகம் யாது? கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பயின்ற பிரணாப் குமார் சென் 1968-இல் இதற்கு வழிகாட்டினார். 15 இணைகளுக்கும் ஆண்டுச் சராசரி மாற்றத்தைக் கணக்கிட்டு, அவற்றை ஏறுவரிசையில் அடுக்கி, நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அது 0.25, அதாவது ஆண்டுக்குக் கால் மீட்டர் இறக்கம். நடு எண்ணையே எடுப்பதால், ஓர் ஆண்டின் கடும் வறட்சியோ ஓர் எழுத்துப்பிழையோ முடிவை எளிதில் கெடுத்துவிடாது.

ஆறு எண்களைக் கையால் கணக்கிடலாம். நூறு கிணறுகளின் முப்பதாண்டு மாத அளவீடுகளை எவர் கணக்கிடுவது? இங்கேதான் மென்பொருள் வேண்டப்படுகிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் இகாக்கா, ஜென்டில்மேன் ஆகிய இருவர் உருவாக்கிய 'ஆர்' என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. மேற்கூறிய சோதனைகள் அதில் ஆயத்தமாக உள்ளன. கல்லூரிக் கணிப்பொறி ஒன்றே போதுமானது.

கருவியின் எல்லை

மென்பொருள் கணக்கிடுமேயன்றிக் கிணற்றை எட்டிப் பார்க்காது. டெல்டாவில் வடகிழக்குப் பருவமழையால் நவம்பரில் நீர் ஏறும், கோடையில் இறங்கும். மே மாத அளவை நவம்பர் அளவோடு கலந்தால் பருவ மாற்றமே போக்காகத் தோன்றும். மே மாதத்தை மே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். பம்புசெட்டு ஓடிக்கொண்டிருக்கையில் எடுத்த அளவு கிணற்றின் உண்மை மட்டமாகாது. பழைய கிணறு தூர்ந்து அதற்குப் பதிலாக வேறிடத்தில் ஆழ்குழாய் அமைத்தால், அம்மாற்றமே ஏற்றமாகவோ இறக்கமாகவோ காட்சி தரும். 3.5 என்பது 35 எனப் பதிவானால், அதனைக் கண்டு ஐயுற வேண்டியவர் ஊரை அறிந்த மனிதரே. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது போன்ற ஆண்டில் தொடங்கும் கணக்கு ஏற்றத்தையும், அத்தகைய ஆண்டில் முடியும் கணக்கு இறக்கத்தையும் மிகைப்படுத்தக்கூடும். ஆகவே, குறுகிய காலத் தரவைக் கொண்டு விரைந்து தீர்ப்புக் கூறல் தகாது.

நிறைவாக

நாற்றங்காலின் நலத்தைப் பார்வையாலே உணரும் பெரியோர் நம்மிடையே உள்ளனர். எந்தக் கோடையில் எந்தக் கிணறு வற்றியது என்பதையும் அவர்களே அறிவர். கணிப்பொறியை இயக்க வல்ல மாணவரும் உள்ளனர். இவ்விரு அறிவும் இணைய வேண்டும். ஊருக்கு ஒரு கிணற்றைத் தேர்ந்து, மாதந்தோறும் ஒரே நாளில், இறைப்பதற்கு முன்பாக விடியற்காலையில் நாடாவால் அளந்து, நாளும் அளவும் குறித்து வைத்தல் எவர்க்கும் இயலும். ஒரு நாடாவும் ஒரு குறிப்பேடும் அதற்குப் போதும். பத்தாண்டு கழித்து அக்குறிப்பேடு ஒரு கல்லூரிக்கு வந்து சேருமாயின், குழாயை ஆழப்படுத்தலாமா வேண்டாமா எனத் தவிக்கும் உழவர்க்கு நாம் ஊகத்தால் அன்றி, எண்ணால் விடை தர இயலும்.