பல்லை எண்ணுங்கள், முட்டியைக் காப்பாற்றுங்கள்!



எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா சைக்கிளில் இளநீர் ஏற்றி விற்பவர். போன வருடம் முட்டி வலி தாங்காமல், "இனிமே தொழிலை விட்டுடலாம்டா" என்றார். விட்டால் என் படிப்பும் நின்றுவிடும். அந்த வாரம்தான் வகுப்பில் கியர் விகிதம் நடத்தினார்கள். சாயங்காலம் அப்பாவின் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பற்களை எண்ணினேன்.

பெடல் சக்கரத்தில் 44 பல். பின்னால் ஃப்ரீவீலில் 18. வகுத்தால் 2.44. அதாவது பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றும். 28 அங்குலச் சக்கரத்துக்கு இது சுமார் 5.5 மீட்டர். வெறும் வண்டிக்குச் சரி. சுமையோடு மேடு ஏறும்போது? பெடல் மெல்லத்தான் சுற்றும், ஒவ்வொரு மிதிக்கும் முழு பலமும் வேண்டும். மடங்கிய காலால் பலமாக அழுத்தும்போது முழங்கால் சில்லு தொடை எலும்போடு அழுந்துகிறது. தினமும் ஆயிரக்கணக்கான தடவை இப்படி என்றால் முட்டி என்னாகும்?

ஃப்ரீவீலை 22 பல்லாக மாற்றினால் விகிதம் 2. அதே மேட்டில் மிதிக்க வேண்டிய விசை சுமார் 18 சதவீதம் குறையும். ஆனால் ஒரு சுற்றுக்கு 4.5 மீட்டர்தான் போகும். மொத்த வேலை குறையவில்லை. ஒரேயடியாகக் கட்ட முடியாத கடனைத் தவணையில் கட்டுகிறோம், அவ்வளவுதான்!

மாற்றினோம். செயினில் கூடுதல் லிங்க் சேர்க்க வேண்டியிருந்தது. சீட் தாழ்ந்திருந்தால் முட்டி அதிகம் மடங்கும் என்பதால் சீட்டையும் கொஞ்சம் உயர்த்தினேன். கீழே வந்த பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது லேசான மடிப்பு இருக்கும். அதுதான் சரியான உயரம்.

ஒரு வாரம் கழித்து அப்பா, "வண்டி மெதுவாத்தான்டா போகுது. ஆனா பாலத்து மேட்டுல இறங்காம வந்துட்டேன்" என்றார். வலி முழுசாகப் போகவில்லை, ஆஸ்பத்திரியிலும் காட்டி வருகிறோம். ஆனால் தொழில் நிற்கவில்லை.

கியர் சைக்கிள் வைத்திருக்கும் நண்பர்களே! கடினமான கியரில் முக்கி மிதிப்பது வீரமல்ல. மேடு வருவதற்கு முன்பே, பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றுங்கள். சமதரையில் நிமிடத்துக்கு 70 முதல் 90 சுற்று பலருக்கும் ஒத்துவரும். வலி தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்கள்.

கியர் விகிதம் பரீட்சைக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அது எங்கள் வீட்டு அடுப்புக்கும் உதவியது!

- இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்